தக்காளி வேரெல்லாம் முடிச்சு: குருணை மருந்து போடாமல் நூற்புழுவை அடக்க முடியுமா?

செம்மண்காடு எழுதியது:

வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் இரண்டு ஏக்கர் செம்மண் தோட்டம், மணல் கொஞ்சம் கூடுதலான மண், கிணற்றுத் தண்ணீர், சொட்டுநீர் போட்டிருக்கிறேன். மூன்று வருடமாக இதே இடத்தில் தக்காளி, அடுத்து வெண்டை, அடுத்து கத்தரி, மறுபடி தக்காளி என்றுதான் ஓடுகிறது. இந்தத் தடவை நட்டு 45 நாளில் செடிகள் திட்டுத்திட்டாகக் குட்டையாக நின்றுவிட்டன. மதியம் தலை தொங்கிவிடும், சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும். தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து ஒரு மணி நேரம் கூட விட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. இலை வெளுக்கிறதே என்று சொட்டுநீரில் உரம் கரைத்து விட்டேன், அதுவும் வீண். நேற்று ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக, சின்ன இஞ்சிக் கிழங்கு போலத் தடித்துக் கிடக்கிறது.

கடையில் காட்டினேன். நூற்புழு என்று சொல்லி கார்போஃபியூரான் குருணையை எடுத்து வைத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு வாரத்தில் பறிப்பு ஆரம்பிக்க வேண்டிய செடி, வீட்டுக்கும் இதே காய்தான், தோட்டத்தில் மயில்கள் வேறு மேய்கின்றன. வாங்காமல் வந்துவிட்டேன். இப்போது நிற்கிற பயிரைக் காப்பாற்ற இயற்கை வழி ஏதாவது உண்டா? அடுத்த பட்டத்துக்கு என்ன செய்ய வேண்டும்? வேப்பம் புண்ணாக்கு, செண்டுமல்லி, ஏதோ பூஞ்சாணம் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். உண்மையில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வேரடி எழுதியது:

தம்பி, வாங்காமல் வந்தது நல்ல காரியம். அந்தக் குருணை ஒன்றே ஒன்றை அரிசி என்று நினைத்துக் கொத்தினாலே சிட்டுக்குருவி செத்துவிடும். பறிப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அதை மண்ணில் போடுவது காயைத் தின்பவர்களுக்கும் கேடு. போரேட் குருணையும் ஒரு காலத்தில் இப்படித்தான் எல்லோர் கையிலும் இருந்தது, 2020 கடைசியோடு அதற்குத் தடையே வந்துவிட்டது.

முதலில் அது நூற்புழுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை. செடியைக் கையால் இழுக்காமல் மண்வெட்டி போட்டு மண்ணோடு பெயர்த்து, ஒரு வாளித் தண்ணீரில் வேரை ஊறவைத்து மெதுவாக அலசுங்கள். தடித்த முடிச்சு ஒன்றை பிளேடால் நீளவாக்கில் கீறி, வெயிலில் பிடித்துப் பாருங்கள். உள்ளே ரவைத் துகள் அளவில் வெள்ளை வெளேரென்று முத்துப் போல ஒன்று தெரிந்தால் அதுதான் பெண் புழு. குட்டிப் புழு கண்ணுக்குத் தெரியாது, அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. அது வேர் நுனி வழியாக உள்ளே போய் ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டு, சுற்றியுள்ள செல்களை வீங்க வைத்து அதிலிருந்தே உறிஞ்சும். வீங்கின இடம்தான் முடிச்சு. தண்ணீர் போகிற குழாயே அங்கே கோணிவிடுவதால்தான் மதியம் செடி வாடுகிறது, நீங்கள் எத்தனை மணி நேரம் தண்ணீர் விட்டாலும் அது மேலே ஏறாது. அவரை, தட்டைப்பயறு வேரிலும் முடிச்சு இருக்கும், ஆனால் அது நன்மை செய்யும் முடிச்சு. விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும், உடைத்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு உதிராது, வேரே தடித்திருக்கும்.

இப்போது கசப்பான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வேருக்குள் போய் உட்கார்ந்துவிட்ட புழுவை இயற்கை முறையில் எதை ஊற்றினாலும் வெளியே கொண்டுவர முடியாது. இந்தப் பயிரில் நீங்கள் செய்யக்கூடியது, இருக்கிற வேரைத் தாங்க வைப்பதுதான். தண்ணீரை ஒரே தடவையில் கொட்டாமல் காலை, மாலை என்று பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், செடியடியில் மட்கிய தொழு உரமும் மண்ணும் அணையுங்கள், அந்த மண்ணுக்குள் புது வேர் விடும். அதை வைத்து முடிந்த அளவு பறியுங்கள். பறிப்பு முடிந்ததும் செடியை வெட்டி விடாதீர்கள். வேரோடு பிடுங்கி, காயவைத்துத் தோட்டத்துக்கு வெளியே எரித்துவிடுங்கள். ரோட்டவேட்டர் விட்டு வேரை மண்ணோடு அரைத்துவிட்டால் முட்டையை நீங்களே இரண்டு ஏக்கருக்கும் விதைத்த கணக்கு. ஒரு பெண் புழு சில நூறு முட்டை இடும், நம் ஊர் வெயிலுக்கு ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை தயார்.

நூற்புழுவோடு நாம் போடுகிற சண்டை எல்லாம் நடவுக்கு முன்னால் போடுகிற சண்டைதான். நானும் இதைப் புரிந்துகொள்ள இரண்டு பட்டம் தக்காளியைப் பறிகொடுத்தேன்.

பசுமைக்கரம் எழுதியது:

நன்மை செய்யும் நூற்புழு என்றே பாக்கெட்டில் விற்கிறார்களே, கெட்ட புழுவை நல்ல புழு தின்றுவிடாதா? எங்கள் பக்கம் ஒருவர் தென்னந்தோப்பில் விட்டு நல்ல பலன் என்றார். அதை வாங்கிச் சொட்டுநீரில் விட்டால் போதுமே.

மண்வாசி எழுதியது:

பசுமைக்கரம் அண்ணா, அது வேறு வகை. ஸ்டைனர்நீமா, ஹெட்டரோராப்டிடிஸ் என்ற அந்தப் புழுக்கள் பூச்சிகளைத்தான் கொல்லும். தோப்பில் வேர்ப்புழுவுக்கோ காண்டாமிருக வண்டின் புழுவுக்கோ விட்டிருப்பார்கள், அதற்கு அது சரி. தக்காளி வேருக்குள் இருக்கிற நூற்புழுவை அவை தின்னாது. அந்தப் பணத்தைச் செம்மண்காடு அண்ணன் வேறு நல்ல வேலைக்குச் செலவழிக்கலாம்.

நான் வேளாண்மை படித்தவள், இப்போது அப்பாவோடு தோட்டம் பார்க்கிறேன். உயிரியல் முறையில் எது எங்கே வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் எதை எப்போது போடுவது என்ற குழப்பம் போய்விடும்.

முட்டையைத் தின்கிற பூஞ்சாணம் ஒன்று உண்டு, பர்ப்பூரியோசிலியம் லிலாசினம். கடையில் இன்னும் பழைய பெயரான பேசிலோமைசிஸ் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். பெரு நாட்டில் உருளைக்கிழங்கு வேரில் இருந்த நூற்புழு முட்டைகளை இது அழிப்பதை 1979-இல் கண்டுபிடித்தார்கள், அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது. பெண் புழு முட்டைகளை ஒரு பசைக்குள் கொத்தாக வேருக்கு வெளியே தள்ளும். இந்தப் பூஞ்சாணம் அந்தப் பசையில் படர்ந்து, முட்டை ஓட்டைத் துளைத்து உள்ளே போய்விடும். பொக்கோனியா என்று இன்னொன்று, அதுவும் முட்டையைத்தான் பிடிக்கும், வேரின் மேலேயே ஒட்டி வாழும். ஆகவே இவை இரண்டும் இன்றைய புழுவைக் குறைக்காது, அடுத்த தலைமுறையைக் குறைக்கும். போட்ட பத்தாம் நாள் செடியைப் பிடுங்கிப் பார்த்து, முடிச்சு அப்படியே இருக்கிறது, ஏமாற்றுகிறார்கள் என்று திட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முடிச்சு கரையாது, புது வேரில் எவ்வளவு முடிச்சு வருகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் பாக்டீரியா அப்படியில்லை. அது வேரைச் சுற்றி முன்கூட்டியே இடம் பிடித்துக்கொண்டால் குட்டிப் புழு உள்ளே நுழைவது குறையும். அதனால் இதை விதையிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். விதை நேர்த்திக்குக் கிலோ விதைக்கு 10 கிராம், வயலில் ஏக்கருக்கு ஒரு கிலோவை 20 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து போடுவது வழக்கம்.

இந்தப் பாக்கெட்டுகளை வாங்கி அப்படியே வெறும் மண்ணில் தூவினால் பாதி வெயிலிலேயே செத்துவிடும், அவற்றுக்குச் சோறு வேண்டும். நாங்கள் ஒரு டன் மட்கிய தொழு உரத்தை மர நிழலில் கொட்டி, அதில் பேசிலோமைசிஸ் இரண்டு கிலோ, டிரைக்கோடெர்மா என்ற இன்னொரு நல்ல பூஞ்சாணம் இரண்டு கிலோ கலந்து, ஈரச் சாக்கு போட்டு மூடி, வாரம் ஒரு முறை புரட்டி, 15 நாள் வைக்கிறோம். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அந்த ஈரம்தான் சரி. அப்புறம் அதை மேட்டுப்பாத்தியில் நடவுக் குழியை ஒட்டிப் போடுகிறோம். வாங்கும்போது தயாரித்த தேதியைக் கட்டாயம் பாருங்கள், வெயிலில் கண்ணாடி அலமாரியில் ஆறு மாதம் கிடந்த பாக்கெட் வெறும் சுண்ணாம்புத் தூள்தான். போட்ட பின் இரண்டு வாரத்துக்குப் பூஞ்சாணக்கொல்லி எதையும் வேரில் ஊற்றாதீர்கள்.

செம்மண்காடு எழுதியது:

முடிச்சைக் கீறிப் பார்த்தேன். வேரடி ஐயா சொன்ன மாதிரியே வெள்ளை முத்து, ஒரே முடிச்சில் ஐந்தாறு. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. இத்தனை நாள் உரத்துக்குச் செலவு செய்ததெல்லாம் இதற்குத் தீனி போட்டதுதானா?

இரண்டு சந்தேகம். நூற்புழுவைத் தாங்கும் தக்காளி ரகம் இருக்கிறதாமே, அதை வாங்கினால் இவ்வளவு வேலையும் வேண்டாமா? வேப்பம் புண்ணாக்கு எவ்வளவு, எப்போது?

மண்வாசி எழுதியது:

ரகம் இருக்கிறது அண்ணா. காட்டுத் தக்காளி ஒன்றிலிருந்து 1940-களில் கொண்டுவந்த எம்ஐ என்ற மரபணுதான் பெரும்பாலான எதிர்ப்பு ரகங்களில் வேலை செய்கிறது. ஹிசார் லலித் போல இங்கே வெளியிட்ட ரகமும் உண்டு. ஆனால் மண்ணின் சூடு 28 டிகிரியைத் தாண்டினால் அந்த எதிர்ப்பு தளர்ந்துவிடும். நம் ஊர்ச் செம்மண்ணில் கார்த்திகை, மார்கழி நடவுக்கு அது உதவும், சித்திரை வெயிலில் நம்ப முடியாது. உங்கள் சந்தைக்குப் பிடித்த காயாக இருக்குமா என்பது தனிக் கேள்வி.

வேப்பம் புண்ணாக்கு ஏக்கருக்கு 100 கிலோ. இரண்டு ஏக்கருக்கும் இறைக்காமல் பாத்தியில் மட்டும் போட்டு மண்ணோடு கலந்து, ஈரம் காட்டி, இரண்டு வாரம் கழித்து நடுங்கள். அதிலுள்ள அசாடிராக்டின் என்ற வேம்பின் கசப்புப் பொருள் மட்டும் அல்ல, அது மண்ணில் அழுகும்போது வருகிற அம்மோனியாவும் புழுவைக் கொல்லும். அழுகி முடிவதற்கு முன்பே நட்டால் இளவேர் கருகும். எண்ணெயை ஒட்டப் பிழிந்து, தூளாக, மணமே இல்லாமல் வருகிற புண்ணாக்கை வாங்காதீர்கள். கையில் எடுத்துக் கசக்கினால் கசப்பு வாடை மூக்கில் ஏற வேண்டும். ஆமணக்கு, புங்கம் புண்ணாக்கும் பயன்படும்.

சுண்டைவேர் எழுதியது:

நான் கத்தரி போடுகிறவள். எங்களுக்கு நூற்புழு வந்ததே வாங்கின நாற்றிலிருந்துதான். ஒரு நாற்றுப் பண்ணையில் குழித்தட்டு நாற்று வாங்கினோம், பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருந்தது. மிச்சம் நின்ற தட்டைக் கவிழ்த்து வேரைப் பார்த்தபோது 25 நாள் நாற்றிலேயே கடுகு மாதிரி முடிச்சு. தேங்காய் நார்க்கழிவோடு தோட்டத்து மண்ணைக் கலந்து நிரப்பியிருந்தார்கள். கேட்டதற்கு நார்முடிச்சு என்று சமாளித்தார்கள். அதுவரை சுத்தமாக இருந்த நிலம் எங்களுடையது. நூற்புழு தானாக ஊர்ந்தால் வருடத்துக்கு ஒரு மீட்டர் கூடப் போகாது, அதை வண்டி ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோவது நாற்றும் டிராக்டர் சக்கரத்து மண்ணும்தான். அதிலிருந்து எந்தப் பண்ணையாக இருந்தாலும் ஒரு தட்டில் பத்து நாற்றை உருவி, வேரைத் தண்ணீரில் அலசிப் பார்க்காமல் நான் பணம் கொடுப்பதில்லை. நீங்களும் வெட்கப்படாமல் பாருங்கள் தம்பி.

இப்போது நான் நடுவது சுண்டைக்காய்ச் செடி வேரில் ஒட்டுக்கட்டிய கத்தரி. சுண்டை வேரை இந்தப் புழு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, வாடல் நோயையும் தாங்கும். நாற்று விலை சாதாரண நாற்றைவிட மிகவும் அதிகம், ஆனால் செடி நீண்ட நாள் நின்று காய்க்கிறது. ஒட்டு போட்ட இடம் மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். மண் அணைக்கும்போது அதை மூடிவிட்டால் கத்தரித் தண்டே வேர் விட்டுவிடும், அப்புறம் ஒட்டுக்கட்டியதற்கு அர்த்தமே இல்லை. அடியில் துளிர்க்கிற சுண்டைத் தளிரையும் அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும்.

மலைத்தோட்டம் எழுதியது:

நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கதையைக் கேட்டால் நீங்கள் கொஞ்சம் ஆறுதல் அடைவீர்கள். ஊட்டிப் பக்கம் உருளைக்கிழங்கில் முட்டைக்கூடு நூற்புழுவை 1961-இல் கண்டுபிடித்தார்கள். இதில் பெண் புழு செத்ததும் அதன் உடம்பே தோல் போலத் தடித்துக் கூடாகிவிடும், உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை. உருளைக்கிழங்கே போடாமல் விட்டாலும் இருபது வருடம் வரை உயிரோடு கிடக்கும் என்பதால், தாங்கும் ரகமான குப்ரி சுவர்ணா, நடுவில் கேரட், முட்டைக்கோசு, பீன்ஸ் என்று பயிரை மாற்றித்தான் நாங்கள் ஓட்டுகிறோம். உங்கள் வேர்முடிச்சுப் புழுவுக்கு அப்படிக் கூடு கிடையாது. தின்ன வேர் கிடைக்காமலும் மண் காய்வதாலும் அது சீக்கிரம் குறையும். கோடை உங்களுக்குப் பெரிய வரம், எங்களுக்கு அது இல்லை.

வேரடி எழுதியது:

மலைத்தோட்டம் சொன்னதுதான் சரியான பேச்சு. தம்பி, மாசியில் பறிப்பு முடிகிறதல்லவா, நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன்.

செடியை வேரோடு பிடுங்கி எரித்ததும், பங்குனி, சித்திரையில் பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று ஆழ உழவு. கட்டி பெயர்ந்து புரண்டு கிடக்கட்டும், பரம்படிக்காதீர்கள். அடிமண்ணில் இருக்கிற முட்டை மேலே வந்து காய வேண்டும், அதற்குத்தான் உழவு. புழு மோசமாக இருந்த திட்டுகளில் மட்டும் நன்றாக நனைத்து, மெல்லிய கண்ணாடி பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்ட விரித்து, ஓரத்தை மண் போட்டு அடைத்து, ஐந்தாறு வாரம் விடுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம், அது தான் சூடாகுமே தவிர வெயிலை மண்ணுக்குள் விடாது. ஈரம் இல்லாமல் போட்டாலும் சூடு கீழே இறங்காது. நாற்றங்கால் இடத்துக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

கோடை மழை கிடைத்ததும் சணப்பு விதைத்து, பூக்கிற சமயம் மடக்கி உழுதுவிடுங்கள். சணப்பு வேரில் இந்தப் புழு பெருகாது, தழையும் மண்ணுக்கு உரம். அப்புறம் ஆடியில் ஒரு ஏக்கருக்காவது செண்டுமல்லி. ஆயுத பூஜைக்குப் பூ வரும், கையில் காசும் நிற்கும். செண்டுமல்லி விஷயத்தில் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். தக்காளி வரிசைக்கு நடுவே பத்தடிக்கு ஒரு செடி வைத்தால் பார்க்க அழகு, காய்ப்புழுவின் அந்துப்பூச்சியை இழுக்கவும் அது உதவும், நூற்புழுவுக்குப் போதாது. உயிரோடு இருக்கிற செண்டுமல்லி வேருக்குள் புழு நுழையும்போதுதான் அந்த வேரில் இருக்கிற வேதிப்பொருள் அதைக் கொல்கிறது. ஆகவே நிலம் முழுக்க நெருக்கமாக, இரண்டு மூன்று மாதமாவது நிற்க வேண்டும். நடுவில் களை ஒன்று விடக் கூடாது. மணத்தக்காளி, குப்பைக்கீரை, தரைப்பசலை எல்லாம் இந்தப் புழுவுக்கு விருந்து, நாலு செடி நின்றால் போதும், அது பிழைத்துக்கொள்ளும்.

பூ முடிந்ததும் ஐப்பசியில் பாத்தி போட்டு வேப்பம் புண்ணாக்கு, இரண்டு வாரம் கழித்து மண்வாசி சொன்ன ஊட்டமேற்றிய தொழு உரம், அலசிப் பார்த்த சுத்தமான நாற்று. ஒரு வருடத்தில் புழுவே இல்லாமல் போகாது. செடி தாங்குகிற அளவுக்குக் குறையும், அது போதும்.

நடுவதற்கு முன் சட்டிச் சோதனை செய்யுங்கள். தோட்டத்தில் எட்டுப் பத்து இடத்தில் அரையடி ஆழ மண் எடுத்து, இடவாரியாகத் தனித்தனிச் சட்டியில் போட்டு, ஒரு சட்டிக்கு மட்டும் வேகவைத்து ஆறிய மண், எல்லாவற்றிலும் தக்காளி நாற்று வைத்து ஐந்து வாரம் கழித்து வேரை அலசிப் பாருங்கள். எந்த மூலையில் எவ்வளவு இருக்கிறது என்று செடியே சொல்லிவிடும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியல் துறை இருக்கிறது, வேரையும் வேரடி மண்ணையும் காயவிடாமல் பையில் கட்டிக் கொண்டுபோனால் எந்த இனம் என்றும் தெரிந்துகொள்ளலாம்.

செம்மண்காடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் இத்தனை மாதம் கழித்து வந்தேன். மூன்று உழவும் ஓட்டினேன். சணப்பு ஒரு ஏக்கரில்தான் போட முடிந்தது, விதை கிடைக்கவில்லை. செண்டுமல்லி ஒன்றரை ஏக்கர், பூஜைக்கு நல்ல விலை போனது. மண்ணைச் சோதித்ததில் மெலாய்டோகைனி இன்காக்னிட்டா என்ற வேர்முடிச்சு நூற்புழு இனம் என்று வந்தது.

புரட்டாசிக் கடைசியில் பூக்காட்டில் ஏழு இடம், பூ வைக்காத மேற்கு மூலையில் ஒன்று என்று எட்டுச் சட்டி வைத்தேன், வேகவைத்த மண்ணில் ஒன்று. நேற்று அலசினேன். பூக்காட்டுச் சட்டிகளில் நாலில் முடிச்சே இல்லை, மூன்றில் தேடிப் பார்த்தால் இரண்டு மூன்று சின்ன முடிச்சு. மேற்கு மூலை மண்ணில் வளர்ந்தது மட்டும் பழைய மாதிரியே, வேர் முழுக்க. அந்த மூலையில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி மணத்தக்காளியும் குப்பைக்கீரையும் முழங்கால் உயரம் நிற்கின்றன, வீட்டில் கீரைக்கு ஆகும் என்று நான்தான் விட்டு வைத்திருந்தேன். அந்த அரை ஏக்கரில் தக்காளி வைக்க மனம் வரவில்லை. நிலக்கடலை போடலாமா?

மண்வாசி எழுதியது:

தாராளமாகப் போடுங்கள் அண்ணா, இன்காக்னிட்டா நிலக்கடலையில் பெருகாது. அரினேரியா என்ற இனமாக இருந்திருந்தால் கடலையையும் அடித்திருக்கும், நல்லவேளை சோதித்துப் பார்த்தீர்கள். கீரையை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு விதையுங்கள். உழவு ஓட்டும்போது தக்காளிக் காட்டை முதலில் முடித்துவிட்டு, மேற்கு மூலையைக் கடைசியில் உழுது, கலப்பையில் ஒட்டிய மண்ணை அங்கேயே கழுவிவிட்டு வெளியே எடுங்கள்.

செம்மண்காடு எழுதியது:

நாளைக்குக் கீரையைப் பிடுங்குகிறேன். டிராக்டர்காரரிடம் இப்போதே சொல்லிவிட்டேன், மேற்கு மூலை கடைசிதான். தக்காளிப் பாத்திக்குப் புண்ணாக்கு போட்டு இன்றோடு ஐந்து நாள், இன்னும் ஒன்பது நாளில் நாற்று வருகிறது. பண்ணையில் பத்து நாற்றை உருவிப் பார்ப்பேன் என்று முன்பே பேசிவிட்டேன், சரி என்று சொல்லியிருக்கிறார்கள்.